ஜெமிலா லாத்தாவின் செவ்வாய்க்கிழமைக் கடை

"சார், இன்னிக்குக் கடையைத் திறக்கவா, வேணாமா?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முருகேசு தொலைபேசியில் எடுத்த எடுப்பில் இப்படித்தான் கேட்டார். ஜாலான் புசார் பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். இதற்கெல்லாம் என்னை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "லாத்தா தவறிட்டாங்க சார். காலையில தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல. அவங்க மக இப்பத்தான் போன் பண்ணுச்சு" என்றார். அவர் கடை வானொலியில் யாரோ உற்சாகமாக அரிசி விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜெமிலா லாத்தாவைத் தெரிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். இருந்தாலும் தெரியாத ஒருவர் கையில் இது கிடைத்தால் அவருக்காகவும் இரண்டு வரி. லாத்தா நாகூர்க் குடும்பம். அவர் வாப்பா சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். லாத்தா பல ஆண்டுகள் மருத்துவமனையில் தாதியாக இருந்துவிட்டு, போதைப்பொருளில் சிக்கியவர்களைத் தேடிப் போய் உதவும் எங்கள் சிறிய அமைப்பில் ஆலோசகராகச் சேர்ந்தார். அவர்கள் வீட்டு வழக்கில் அக்காவுக்கு லாத்தா என்று பெயர். எங்கள் அலுவலகத்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் அதை அவருடைய பதவிப்பெயர் என்றே நினைத்துக் கடைசிவரை அப்படியே அழைத்தார்கள். நான் அந்த அமைப்பை நடத்துகிறவன். பெயர் பாலா, யாழ்ப்பாணத்து வழி, பேசுவதும் ஏட்டுத் தமிழ். "தம்பி பாலா பேசினா ஆறு மணிச் செய்தி கேக்குற மாதிரி இருக்கு, முடிஞ்சதும் வானிலை சொல்வீங்களோன்னு பார்ப்பேன்" என்பார் லாத்தா.

அன்று காலை எனக்குத் துக்கத்தோடு ஒரு கலக்கமும் சேர்ந்துகொண்டது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் சுவா சூ காங் மயானத்தில் அடக்கம் என்று லாத்தாவின் மகள் தகவல் அனுப்பியிருந்தார். அதே மதியம் லாத்தா ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வினோத் என்று ஓர் இளைஞர், தான் கொக்கேய்ன் பயன்படுத்துவதை அரசின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சொல்வதாக இருந்தது. லாத்தா கூட வருவார் என்ற ஒரே தைரியத்தில்தான் அவர் சம்மதித்திருந்தார். லாத்தா இல்லை என்று தெரிந்தால் வினோத் வருவாரா? வந்தால் கூடப் போவது யார்?

வினோத் அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "லாத்தாவைப் பத்தின்னா எழுதுங்க சார். என் பேரை மட்டும் மாத்திடுங்க. மாத்துறதுதான் மாத்துறீங்க, நல்ல பேரா வைங்க லா" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அமைப்பு ஹெராயின் காலத்தில் உருவானது. பின்சந்துகளில் நடப்போம், காப்பிக்கடைகளில் உட்காருவோம், கதவைத் தட்டுவோம். சில ஆண்டுகளாக எங்கள் காதுக்கு வேறு மாதிரிக் கதைகள் வந்தன. நல்ல சம்பளம், நல்ல சட்டை, வார இறுதிக் கொண்டாட்டம், நண்பர் வீட்டுக் குளியலறையில் ஒரு கோடு வெள்ளைத் தூள். இவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நான் மும்முரமாக ஒரு சுவரொட்டி தயாரித்தேன். கறுப்புப் பின்னணி, எலும்புக்கூடு, கையில் ஊசி. அதை ஜாலான் புசார் சந்து முழுக்க ஒட்டினோம். லாத்தா அதன் முன்னால் நின்று நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, இவங்க ஊசியே போடுறதில்லையே. இந்தச் சந்துக்கும் வர்றதில்ல. தப்பித் தவறி வந்து பார்த்தாலும், பாவம் யாரோ நோயாளிக்கு ஒட்டியிருக்காங்கன்னு போயிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உடனே கோபம் வரும், இது வீட்டிலும் அலுவலகத்திலும் தெரிந்த விஷயம். அப்படியானால் நீங்களே போய்ப் பாருங்களேன் என்றேன். லாத்தா போய்விட்டார். நகரத்தில் ஒரு கட்டட உச்சியில் இருக்கும் மதுக்கூடத்துக்கு, முக்காடும் கைப்பையுமாக, வெள்ளிக்கிழமை மாலை. எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒருவனுடைய அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார் என்று அங்கே செய்தி பரவி, பாதி மேசை காலியாகிவிட்டது. காவலாளி வந்து மிகவும் பணிவாக, "ஆன்ட்டி, உங்க மகன் பேரு சொல்லுங்க, நான் கூப்பிட்டு விடுறேன்" என்றாராம். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரு விஷயம் மட்டும் புரிஞ்சுது தம்பி. சந்தோஷமா இருக்குறவங்ககிட்ட நாம போய் ஒண்ணும் பேச முடியாது. அவங்க எப்ப அழுவாங்கன்னு பார்க்கணும்."

அது எப்போது என்பது தெரிந்ததற்கு முருகேசு செய்த ஒரு தவறுதான் காரணம். முருகேசு செவ்வாய்க்கிழமை யார் தலையிலும் கத்தரிக்கோல் வைக்க மாட்டார். ஊரில் அவர் அப்பா வைக்கவில்லை, இங்கே அவரும் வைக்கவில்லை. அன்று கதவைப் பாதி மூடிவிட்டு வானொலி கேட்டபடி இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவார். அவர் விதியில் ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டில் சாவு விழுந்து மொட்டை போட வந்தால் எந்தக் கிழமையும் பார்க்க மாட்டார்.

அப்படி ஒரு செவ்வாய் மதியம் நல்ல சட்டை போட்ட ஓர் இளைஞர் பாதிக் கதவுக்குள் குனிந்து நுழைந்து, "மொட்டை போடணும், இப்பவே" என்றிருக்கிறார். முருகேசு அவர் முகத்தைப் பார்த்தார். தூங்காத கண், ஒட்டிய கன்னம். "அப்பாவா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், அந்த இளைஞருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. முருகேசு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் துண்டு போர்த்தி, டீ வரவழைத்துக் கொடுத்து, தன் அப்பா போன கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். இளைஞர் இன்னும் அழுதார். அப்போது பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த லாத்தாவைப் பார்த்து, "லாத்தா, கொஞ்சம் உள்ள வாங்க, பாவம் இந்தத் தம்பிக்கு அப்பா தவறிட்டாரு" என்று முருகேசு கூப்பிட்டுவிட்டார்.

லாத்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சாப்பிட்டீர்களா என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். "அதுக்கு எல்லாரும் ஆச்சுன்னு சொல்லிடுவாங்க தம்பி. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாத்தான் யோசிச்சு நிஜத்தைச் சொல்லுவாங்க" என்பது அவர் கணக்கு. இளைஞர் யோசித்தார். சனிக்கிழமைக்குப் பிறகு ஒழுங்காக ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். லாத்தா கண்ணாடியில் அவர் மூக்கையும் கண்ணையும் ஒரு தாதியின் பார்வையில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு ஆன்ட்டி. டேம்பனிஸ்ல இருக்காரு."

முருகேசு கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார். உயிரோடு இருக்கும் மனிதருக்காக இவ்வளவு நேரம் துக்கப்பட்டேனே என்று அவருக்கு இன்றும் ஆற்றாமை.

விஷயம் பிறகு வெளியே வந்தது. அந்த இளைஞர்தான் வினோத். அவர் கூட்டத்தில் ஒருவர் பிடிபட்டுவிட்டார். முடியைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்ல, இவர் எடுத்துவிடலாம் என்று ஓடி வந்திருக்கிறார். "புருவத்தையும் எடுப்பீங்களா? நாளைக்கு ஆபீசில மொட்டையைப் பார்த்துக் கேப்பாங்களே, அப்ப நிஜமாவே அப்பாவைக் கொன்னுடுவீங்களா?" என்று லாத்தா கேட்கவும் வினோத்துக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முடி வெட்டப்படவில்லை. வினோத் மாலைவரை பேசினார்.

மறுநாள் லாத்தா என் மேசைக்கு வந்து, "தம்பி, சனிக்கிழமை ஏறினது செவ்வாய்க்கிழமைதான் இறங்குது" என்றார். ஞாயிறு தூக்கத்தில் போய்விடும். திங்கள் வீறாப்பாக வேலைக்குப் போவார்கள். செவ்வாய் மதியம் உலகமே இருட்டாகிவிடும், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. நாங்களோ வெள்ளி, சனி இரவுகளில் தொலைபேசியை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டோம். யாரும் அழைக்கவில்லை. அழைப்பார்களா? அப்போதுதானே அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே செவ்வாய் மதியம், முருகேசுவின் கடையில், சாப்பாட்டு நேரத்தில் உட்காரலாம் என்றார். கடையும் அன்று காலி, நகரத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்துவிடலாம், ஆண்கள் முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை எந்த நல்ல காரியத்தையும் தொடங்கக் கூடாது என்று என் மனைவி சொன்னதை நான் பெரிய நிர்வாகக் காரணம் போல லாத்தாவிடம் எடுத்து வைத்தேன். "நம்மகிட்ட வர்றவங்க எதையும் தொடங்க வரல தம்பி, நிறுத்தத்தான் வர்றாங்க" என்றார்.

கடை நடந்தது. கதவில் 'இன்று முடி வெட்டுவதில்லை' என்று ஒரு பலகை. அதைப் பார்த்தும் உள்ளே வருகிறவர் லாத்தாவைத் தேடி வந்தவர் என்று அர்த்தம். தெரியாமல் நுழைந்த சீனப் பெரியவரிடம் முருகேசு, "அங்கிள், டியூஸ்டே நோ கட் லா, டாக் ஒன்லி" என்று சொல்லி அனுப்புவதை நானே கேட்டிருக்கிறேன். வருகிறவர் கண்ணாடியைப் பார்த்து உட்காருவார். லாத்தா பக்கத்து நாற்காலியில் அதே கண்ணாடியைப் பார்த்து உட்காருவார். நேருக்கு நேர் முகம் பார்த்தால் பேசாதவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசினார்கள். எங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் இது என்ன கூத்து என்று சோதிக்க வந்தார். லாத்தா அவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். அந்த மனிதர் தன் தூக்கமின்மையையும் மருமகளையும் பற்றி மதியம் முழுக்கப் பேசிவிட்டு, திட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விளையாட்டாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் லாத்தா விளையாட்டாக எதையும் செய்யவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நாங்க போலீஸ் இல்ல. ஆனா ஒளிச்சு வைக்கவும் உதவ மாட்டோம். நீங்களே போய்ச் சொல்றதுக்கும் பிடிபடுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அந்த நாள் வரும்போது சொல்லுங்க, நான் கூட வர்றேன்." சிலர் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். லாத்தா தடுக்க மாட்டார். போனவர்களில் பாதிப் பேர் அடுத்த செவ்வாய் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் குரலை உயர்த்தி நான் ஒரே ஒருமுறைதான் கேட்டேன். வினோத் மாதக் கணக்கில் நிறுத்துவார், பிறகு ஏதாவது ஒரு பிறந்தநாள் விருந்தில் வழுக்குவார். அப்படி ஒரு சனிக்கிழமை தூளும் மதுவும் சேர்ந்து அவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்திருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டுமே என்று பயந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்திருக்கிறார். பக்கத்தில் கர்ப்பிணி மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அதை ஒரு சாகசம் போல வினோத் சொன்னபோது லாத்தா கண்ணாடியை விட்டுத் திரும்பி நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"நெஞ்சு வலிச்சா ஆம்புலன்ஸ். என்ன எடுத்தீங்கன்னு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லணும். மத்ததெல்லாம் அப்புறம். ஜெயிலுக்குப் போனவனை நான் போய்ப் பார்த்திருக்கேன், சோறு கொடுத்திருக்கேன், திரும்பி வந்து கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சிருக்கான். செத்தவனுக்கு நான் என்ன செய்ய?"

முருகேசு வானொலியை நிறுத்தினார். வினோத், "அந்த நாள் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன் லாத்தா" என்றார். மனைவியிடம் சொல்லவும், வேலையை என்ன செய்வது என்று யோசிக்கவும் சில வாரங்கள் கேட்டார். நாள் குறித்தார்கள். அது செவ்வாய்க்கிழமை. லாத்தா தவறிய அதே செவ்வாய்க்கிழமை.

"திறவுங்கள் முருகேசு" என்றேன் நான் அன்று காலை தொலைபேசியில்.

லாத்தாவின் வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு, மதியம் கடைக்கு வந்தேன். வினோத் சரியாக வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்தமுறை உண்மையிலேயே சாவு. முருகேசுவால் ஆறுதல் சொல்ல முடியவில்லை, அவரும் அழுதார். எனக்கு மணி பார்க்க வேண்டியிருந்தது. அப்போதே கிளம்பினால்தான் அடக்கத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும். ஆகவே நான் என் ஆறு மணிச் செய்திக் குரலில், "வினோத், இன்று இப்படி ஆகிவிட்டது. நாளைக்குப் போகலாம், நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றேன்.

"ஓகே சார். நாளைக்கே போகலாம்" என்று வினோத் சொன்னார். உடனே சொன்னார். அவர் தோள் தளர்ந்து இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். பரீட்சை தள்ளிப்போன பையனின் முகம். நாளை இன்னொரு காரணம் வரும், அடுத்த வாரம் இன்னொன்று, அதற்குள் ஒரு சனிக்கிழமை வந்துவிடும். அவருக்கும் அது தெரியும், என் கண்ணைப் பார்க்காமல் மேசையில் இருந்த சீப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு லாத்தா மேல் கோபமே வந்தது. போவதற்கு வேறு கிழமை கிடைக்கவில்லையா?

"முருகேசு, நீங்க அடக்கத்துக்குப் போங்க. எனக்கும் சேர்த்து மண் போடுங்க" என்றேன். வினோத்திடம், "இப்பவே போறோம்" என்றேன். நான் பேச்சுத் தமிழ் பேசியதைக் கேட்டு இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டாக்சியில் வினோத் சட்டைக் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். லாத்தாவாக இருந்தால் வழியெல்லாம் பேசியிருப்பார், ஓட்டுநரையும் சேர்த்துச் சிரிக்க வைத்திருப்பார். அந்த அலுவலகத்து வாசலில் வினோத் நின்றுவிட்டார். அவரைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று எனக்குத் தெரியும். "கூடப் போறது வேற, கூட்டிட்டுப் போறது வேற தம்பி" என்று லாத்தா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே நின்றேன். வெயிலில் என் சட்டை நனைந்தது. பிறகு அவராகவே நடந்தார், நானும் நடந்தேன்.

உள்ளே பெயர் சொல்லி அழைத்துப் போனார்கள். நீங்கள் போகலாம், இது எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது என்று ஓர் அதிகாரி மரியாதையாகச் சொன்னார். அப்போது கிளம்பியிருந்தால் அடக்கத்தின் கடைசிப் பகுதிக்காவது ஓடிப் போயிருக்கலாம். எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அங்கே அவரைக் குழிக்குள் இறக்கிய நேரத்தில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். எதிரில் இருந்த ஒரு மலாய் அம்மாள், மகனுக்காகக் காத்திருப்பவர் போலிருக்கிறது, எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

பொழுது சாயும் வேளையில் ஒரு கதவு திறந்தது. வினோத்தை வேறோர் அறைக்கு அழைத்துப் போனார்கள். போகிற போக்கில் அவர் கூடத்தைப் பார்த்தார். காலி நாற்காலியை எதிர்பார்த்த பார்வை அது. என்னைக் கண்டதும் நின்றார், கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இப்போது அவர் சிகிச்சையில் இருக்கிறார். வேலை போய்விட்டது. மகள் பிறந்திருக்கிறாள், அவர் மனைவி எனக்குப் படம் அனுப்பினார், குழந்தைக்குத் தலை நிறைய முடி.

அடக்கத்தில் என்னைக் காணவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள், சிலர் வருத்தப்பட்டீர்கள். நான் இருந்த இடம் இதுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முருகேசுவின் கடையில் நான் உட்காருகிறேன். வருகிறவர்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்து முதலில் பயப்படுகிறார்கள். லாத்தாவைப் போலச் சிரிக்க வைக்க எனக்கு வரவில்லை, அழுகிறவரைப் பார்த்ததும் எது சரியான சொல் என்று இன்னும் திணறுகிறேன். எழுந்து போகாமல் இருக்க மட்டும் வருகிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.